கல்பாக்கத்துக் கழிவுக்கு முந்நூறு ஆண்டுக் காவல்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டியிருக்கும் கல்பாக்கத்தில் முதல் அணு உலை 1983இல் இயங்கத் தொடங்கியது. அன்றிலிருந்து மின்சாரத்தோடு கதிரியக்கக் கழிவும் சேர்ந்தே வருகிறது. அந்தக் கழிவைக் கட்டியாக்கி வைப்பதுதான் சரியான வழி. ஆனால் கட்டியாக்கியதோடு பொறுப்பு தீர்ந்துவிடாது என்பதே என் வாதம்.

கழிவு திரவமாக இருக்கும்வரை ஆபத்து அதிகம். ஒரு விரிசல் போதும், மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுநீரில் கலந்துவிடும். அதனால் கதிர்வீச்சு குறைந்த கழிவுநீரிலிருந்து கதிரியக்கப் பொருள்களை ரசாயன முறையில் சேறாகப் பிரித்து, சிமென்ட்டோடு கலந்து இறுக வைக்கிறார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. கழிவிலுள்ள கதிரியக்கப் பொருளான சீசியம்-137 சிமென்ட்டுக்கு எளிதில் அடங்காது. தண்ணீர் பட்டால் மெல்ல வெளியேறும். அதைப் பிடித்துவைக்க வெர்மிகுலைட் போன்ற கனிமத்தைச் சேர்க்க வேண்டும். இறுகிய கட்டியை நீரில் ஊறப்போட்டு, அந்த நீரை அவ்வப்போது மாற்றி, எவ்வளவு கரைந்து வந்தது என்று அளந்து பார்ப்பார்கள். கட்டி உறுதியாக இருந்தால் மட்டும் போதாது, இந்தச் சோதனையிலும் தேற வேண்டும். கதிர்வீச்சு மிகுந்த கழிவுக்குச் சிமென்ட் உதவாது. அதைச் சுமார் 1000 டிகிரி வெப்பத்தில் போரோசிலிகேட் கண்ணாடியோடு உருக்கி, எஃகுக் கலன்களில் வார்க்கிறார்கள்.

‘இது நஞ்சை மூடி மறைக்கும் வேலைதானே?’ என்று கேட்கலாம். கட்டியாக்குவதால் நஞ்சு அழிவதில்லை என்பது உண்மை. ஆனால் கட்டியாக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ராணிப்பேட்டை சாட்சி. அங்கே 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் திறந்தவெளியில் குவிந்து, மழைக்குக் கரைந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது. குரோமியத்துக்கு அரை ஆயுள் கிடையாது. எத்தனை தலைமுறை காத்திருந்தாலும் தானாகக் குறையாது. சீசியம் அப்படியல்ல. 30 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகி, 300 ஆண்டில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும்.

‘கடலோரத்தில் இது தகுமா?’ என்பது இன்னும் வலுவான கேள்வி. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நீர் கல்பாக்கத்தின் நீரேற்று நிலையத்துக்குள் புகுந்தது. உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். வெள்ளம் வரக்கூடிய இடம் என்பதாலேயே கழிவு திரவமாகத் தேங்கி நிற்கக் கூடாது. ஆனால் கான்கிரீட் குழிகளில் வைத்த சிமென்ட் கட்டிகளையும், சுற்றியுள்ள கண்காணிப்புக் கிணறுகளையும் 300 ஆண்டு யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அத்தனை காலம் ஒரு அலுவலகத்தை மட்டும் நம்பியிருப்பது முறையல்ல. ஊர்மக்களுக்கும் அதில் கண் வேண்டும். ஆகவே அந்தக் கிணற்றுநீரின் அளவீடுகளை எளிய தமிழில் எழுதி, புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம் ஊராட்சி அலுவலகங்களில் ஆண்டுதோறும் ஒட்ட வேண்டும் என்று அணுசக்தித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.