110 குடும்பங்கள், ஒரு புது ஊழியர்: ஜப்பானின் வறுமையைத் தோலுரிக்கும் மாங்கா... என்ன கதை?

டோக்கியோவில் ஒரு வார்டு அலுவலகம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த எமிரு என்ற இளம்பெண்ணுக்கு ஒரு போன் வருகிறது. எதிர்முனையில் அரசு உதவித்தொகை வாங்கும் ஒருவர். இப்போது சாகப்போகிறேன் என்கிறார். பதறிப்போன எமிரு, அவருடைய உறவினரைத் தொடர்புகொள்கிறார். இது அவர் வழக்கமாகச் சொல்வதுதான், பெரிதாக எடுத்துக்க வேண்டாம் என்று பதில் வருகிறது. மறுநாள் அலுவலகத்துக்குத் தகவல் வருகிறது. அந்த மனிதர் மாடியிலிருந்து குதித்து இறந்துவிட்டார்.

அடுத்து வரும் காட்சிதான் இன்னும் உலுக்குகிறது. உடைந்துபோன எமிருவைத் தேற்ற வரும் சக ஊழியர், அவள் கணக்கில் ஒரு கேஸ் குறைந்தது ஒருவகையில் நல்லதுதான் என்ற தொனியில் பேசுகிறார். வில்லத்தனமான சிரிப்பெல்லாம் கிடையாது. ரொம்ப சாதாரணமாக, ஆபீஸில் நாம் பேசிக்கொள்வது போலவே சொல்கிறார்.

இது காஷிவாகி ஹாருகோ எழுதி வரைந்த மாங்காவின் தொடக்கம். மாங்கா என்றால் ஜப்பானிய காமிக்ஸ். நருட்டோ, ஒன் பீஸ் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. ஆனால் இதில் சண்டையும் இல்லை, சூப்பர் பவரும் இல்லை. கதை முழுக்க ஃபைல், விண்ணப்பம், வீடு வீடாகப் போகும் சைக்கிள் பயணம்தான். ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை.

பெயரே ஒரு சட்டப்பிரிவு!

மாங்காவின் பெயர் கொஞ்சம் நீளம்: 'கென்கோ தே புன்காதெகி நா சைதே கென்தோ நோ செய்காட்சு'. ரசிகர்கள் 'கென்காட்சு' என்று சுருக்கிவிட்டார்கள். ஆரோக்கியமும் பண்பாடும் கொண்ட குறைந்தபட்ச வாழ்க்கை என்று பொருள். இது ஜப்பான் அரசியலமைப்பின் 25-வது பிரிவில் வரும் சொற்கள். அப்படியொரு வாழ்க்கை எல்லா குடிமக்களுக்கும் உரிமை என்கிறது அந்தப் பிரிவு. 'ஆரோக்கியம்' என்பதோடு நிறுத்தாமல் 'பண்பாடு' என்று சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். வயிறு நிறைந்தால் மட்டும் போதாது என்று அர்த்தம்.

2014-ல் 'பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்' வார இதழில் இந்தத் தொடர் ஆரம்பித்தது. 2018-ல் டிவி தொடராகவும் வந்தது.

உதவித்தொகை எப்படி வேலை செய்கிறது?

ஜப்பானில் இதற்கு 'செய்காட்சு ஹோகோ' என்று பெயர். ஒரு குடும்பம் வாழ மாதம் குறைந்தபட்சம் இவ்வளவு தேவை என்று அரசு கணக்குப் போடும். அந்தக் குடும்பத்தின் வருமானம் அதைவிடக் குறைவாக இருந்தால், இடைவெளியை அரசு நிரப்பும். பதிலுக்கு, வரும் ஒவ்வொரு வருமானத்தையும் அலுவலகத்தில் சொல்லியாக வேண்டும்.

இந்தக் குடும்பங்களைப் பார்த்துக்கொள்பவர்தான் கேஸ் வொர்க்கர். நகரங்களில் ஒரு ஊழியருக்கு 80 குடும்பங்கள் என்பது சட்டம் சொல்லும் அளவுகோல். சினிமா எடுக்கும் கனவைக் கைவிட்டு அரசு வேலைக்கு வந்த எமிருவிடம், முன் அனுபவம் எதுவும் இல்லாமலே, 110 குடும்பங்களின் ஃபைல்கள் வந்து சேருகின்றன. அந்த சக ஊழியரின் வாயிலிருந்து 'ஒரு கேஸ் குறைந்தது' என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா?

கிடார் வாங்கியது குற்றமா?

என்னைக் கேட்டால் இந்த மாங்காவின் மிகச் சிறந்த பகுதி, ஒரு பள்ளி மாணவனின் கதை. உதவித்தொகை வாங்கும் குடும்பத்துப் பையன். இசை என்றால் உயிர். கனவை விடாதே என்று எமிருவே அவனுக்கு ஊக்கம் கொடுத்திருக்கிறாள். அவன் யாருக்கும் தெரியாமல் பார்ட் டைம் வேலைக்குப் போய், சம்பாதித்த காசில் கிடாரும் சிடிக்களும் வாங்குகிறான்.

வருமான வரிப் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்க்கும்போது விஷயம் வெளியே வருகிறது. வருமானத்தை மறைத்து உதவித்தொகை வாங்கியதாக, அதாவது மோசடியாக, அது பதிவாகிறது. சம்பாதித்தது மொத்தத்தையும் திருப்பிக் கட்ட வேண்டும்!

கொடுமை என்னவென்றால், முன்பே சொல்லியிருந்தால் பள்ளி மாணவர்களின் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கணக்கில் சேர்க்காமல் விட விதியிலேயே இடம் இருக்கிறது. விதிகள் அடங்கிய கையேடும் அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அதை அவன் படித்துப் புரிந்துகொண்டானா என்று யாரும் கேட்கவில்லை. எமிருவும் கேட்கவில்லை. வெறும் 'சட்டம் கொடூரமானது' என்று முடித்திருந்தால் இது சாதாரணக் கதையாகியிருக்கும். அதிகாரி, சட்டம், குடும்பம் என்று யார் பக்கம் நின்று பார்த்தாலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கடைசியில் கடனாளியாவது ஒரு பள்ளிப் பையன்.

ஒரு கடிதம் என்ன செய்யும்?

உதவி கேட்டு வருபவரின் பெற்றோர், உடன்பிறந்தவர்களிடம், நீங்கள் இவரைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டு அலுவலகம் கடிதம் அனுப்புவது வழக்கம். பலர் விண்ணப்பிக்காமலே இருப்பதற்கு இந்தக் கடிதமும் ஒரு காரணம். சொந்தக்காரங்களுக்குத் தெரிஞ்சா மானம் போயிடுமே என்ற பயம்தான்.

மாங்காவில் ஒரு இளைஞன், அப்பாவுக்கு மட்டும் தெரிவிக்க வேண்டாம் என்று கெஞ்சுகிறான். காரணத்தை அவனால் சொல்ல முடியவில்லை. நடைமுறைப்படி கடிதம் போகிறது. அப்பா தேடி வருகிறார். அந்த இளைஞன் தண்டவாளத்தில் குதிக்கிறான். உயிர் பிழைத்த பிறகுதான் தெரிகிறது, சிறுவயதில் அவனைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கியதே அந்த அப்பா என்று. நிஜத்தில் இந்தக் கடித விதிகளை ஜப்பான் அரசு தளர்த்தியது, கொரோனா காலத்தில் எழுந்த கோரிக்கைகளுக்குப் பிறகு, 2021-ல்.

இவ்வளவு வெறுப்பு எதற்கு?

இந்த மாங்கா எந்தச் சூழலில் வந்தது என்பது முக்கியம். 2012-ல், பிரபல காமெடி நடிகர் ஒருவரின் தாய் உதவித்தொகை வாங்கி வந்தது அங்கே பெரும் சர்ச்சையானது. டிவியிலும் பத்திரிகைகளிலும் வாரக்கணக்கில் அதே பேச்சு. ஏழைகள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்ற பிம்பம் உருவானது. உண்மை நிலவரம்? மோசடி என்று கண்டறியப்படும் தொகை, மொத்தச் செலவில் சுமார் அரை சதவீதம்தான். அதிலும் நம்ம கிடார் பையன் மாதிரி கேஸ்களும் அடக்கம்.

இன்னொரு பக்கம், தகுதியிருந்தும் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். விண்ணப்பப் படிவத்தையே கொடுக்காமல் கவுன்ட்டரிலேயே பேசி அனுப்பிவிடும் தந்திரத்துக்கு ஜப்பானில் 'மிசுகிவா சாக்குசென்' என்று ஒரு பெயரே உண்டு. எதிரிப் படை கரையேறும் முன் கடலோரத்திலேயே தடுப்பது என்று அர்த்தம். உதவி கேட்டு வருபவர்தான் இங்கே 'எதிரி'! 2007-ல் கிடாக்யூஷு நகரில் உதவித்தொகை நிறுத்தப்பட்ட 52 வயது நபர் ஒருவர் பட்டினியால் இறந்தார். ஒரு சோற்று உருண்டை சாப்பிட வேண்டும் என்ற ஆசையை அவர் டைரியில் எழுதி வைத்திருந்தார்.

2017-ல் ஒடவாரா நகரில் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. உதவித்தொகைப் பிரிவு ஊழியர்கள், மோசடி செய்பவர்களை எச்சரிக்கும் வாசகம் பொறித்த ஜாக்கெட்டை 2007-லிருந்தே அணிந்து, அதோடு பயனாளிகளின் வீடுகளுக்கும் போயிருக்கிறார்கள். ஊழியர் ஒருவர் தாக்கப்பட்ட சம்பவத்துக்குப் பிறகுதான் அந்த ஜாக்கெட் வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். கவுன்ட்டரின் இரண்டு பக்கமும் பயம். காஷிவாகியின் மாங்கா நிற்பது சரியாக அந்த இடத்தில்தான்.

காமிக்ஸில் ஏன் இதெல்லாம்?

ஜப்பானில் பெரியவர்களுக்கென்றே தனி மாங்கா வார இதழ்கள் உண்டு. ஆபீஸ் போகிறவர்கள் ரயிலில் படிக்கும் வகை. அதனால் மருத்துவம், கடன், வேலை என்று எதுவும் கதையாகும். சாதோ ஷூஹோவின் 'பிளாக் ஜாக்குக்கு என் வணக்கங்கள்' 2002-ல் வெளிவரத் தொடங்கியது. அதில் பயிற்சி மருத்துவரான நாயகன் தினமும் சராசரியாக 16 மணி நேரம் உழைக்கிறான். மாதச் சம்பளம் 38,000 யென். ஜப்பானில் பயிற்சி மருத்துவர் முறை மாற்றப்பட்டது 2004-ல். மாங்காவால்தான் மாறியது என்று சொல்ல முடியாது. ஆனால் மருத்துவமனைக்குள் மட்டுமே தெரிந்திருந்த விஷயம் ரயில் பயணிகள் வரை போய்ச் சேர்ந்தது.

எல்லா மாங்காவும் சரியாகச் செய்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். கென்காட்சு ஆரம்பித்த அதே 2014-ல், அதே இதழில் வந்த 'ஒயிஷின்போ' தொடரில், ஃபுகுஷிமா அணு உலைக்குச் சென்ற நாயகனுக்கு மூக்கில் ரத்தம் வருவதாகக் காட்டினார்கள். கதிர்வீச்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை என நிபுணர்கள் மறுத்தார்கள். மாகாண நிர்வாகமும் அமைச்சர்களும் கண்டித்தார்கள். விமர்சனங்களுக்கே இதழ் தனியாகப் பக்கங்கள் ஒதுக்க வேண்டியதாயிற்று.

கோர்ட் என்ன சொன்னது?

2012 சர்ச்சைக்குப் பின் ஆட்சிக்கு வந்த அரசு, 2013 முதல் 2015 வரை உதவித்தொகையைப் படிப்படியாகக் குறைத்தது. சில குடும்பங்களுக்கு 10 சதவீதம் வரை வெட்டு. விலைவாசி இறங்கிவிட்டது என்பது அரசு சொன்ன முக்கியக் காரணம். அது 25-வது பிரிவுக்கு எதிரானது என்று நாடு முழுக்க 1,000-க்கும் மேற்பட்ட பயனாளிகள் வழக்குப் போட்டார்கள். சாப்பாட்டைக் குறைத்தோம், குளிப்பதைக் குறைத்தோம், சொந்தக்காரர் இறந்தால்கூடப் போக முடியவில்லை என்பது போன்றவைதான் அவர்கள் வைத்த வாதங்கள்.

2025 ஜூன் 27-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விலைவாசியைக் காரணம் காட்டித் தொகையைக் குறைத்த முடிவு சட்டவிரோதம் என்று கூறி அந்தக் குறைப்பை ரத்து செய்தது. நஷ்டஈடு கேட்ட கோரிக்கையை மட்டும் ஏற்கவில்லை. வழக்குப் போட்டவர்களில் 200-க்கும் மேற்பட்டோர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள்.