திருடன் விட்டுச் சென்ற ரேகை

டெல்லியில் மந்திர் மார்க் என்று ஒரு சாலை. பிர்லா கோயில் அங்கேதான் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியும் இருக்கிறது. ஒரு காவல் நிலையமும் உண்டு.

அந்தப் பக்கம் ஒரு வீட்டில் பீரோவை உடைத்து நகையைத் திருடிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பார்த்தவர் யாரும் இல்லை. போலீசார் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

நம் விரல் நுனியில் மேடும் பள்ளமுமாகக் கோடுகள் ஓடுகின்றன. அவற்றில் வியர்வை ஈரம் இருக்கும். வழவழப்பான பொருளைத் தொட்டால் கோடுகள் அதில் பதியும். மெல்லிய பொடியைத் தூவினால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். ரேகை தெரியும். அதனால் போலீசார் வரும்வரை எதையும் தொடக் கூடாது. அக்கம்பக்கத்தார் எல்லோரும் வந்து பீரோவைத் தடவிப் பார்த்தால் திருடனுக்குத்தான் லாபம்.

ஒருவர் ரேகை இன்னொருவருக்கு இருப்பதில்லை. இரட்டைப் பிள்ளைகளுக்கும் வேறு வேறுதான். கைநாட்டு என்றால் சிலர் ஏளனமாகச் சிரிக்கிறார்கள். ஆனால் அது கையெழுத்தைவிட உறுதியான அடையாளம்.

1897இல் கல்கத்தாவில் ரேகைப் பதிவு அலுவலகம் தொடங்கியது. ஆயிரக்கணக்கான சீட்டுகளில் ஒன்றை எப்படித் தேடுவது? அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியப் போலீஸ்காரர்கள் உழைத்து ஒரு வழியை உருவாக்கினார்கள். ரேகைகளை 1024 வகையாகப் பிரிக்கும் வழி அது. பெயர் மட்டும் மேலதிகாரி எட்வர்டு ஹென்றிக்குப் போய்விட்டது. இன்றும் 'ஹென்றி முறை' என்றுதான் சொல்கிறார்கள்.

அந்தக் காலத்தில் ஜல்பைகுரியில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளரைக் கொன்றுவிட்டார்கள். அங்கே கிடந்த பஞ்சாங்கத்தில் ஒரு விரல் கறை இருந்தது. முன்பு திருடித் தண்டனை பெற்ற வேலைக்காரனின் ரேகையோடு அது பொருந்தியது. 1898இல் நீதிமன்றம் அவனைத் திருட்டுக்கு மட்டும் தண்டித்தது. கொலைக்குத் தண்டிக்கவில்லை. ஏன்? அவன் அங்கே தொட்டான் என்றுதான் ரேகை சொல்லும். கொன்றான் என்று சொல்லாது.

இப்போது சீட்டுகளைப் புரட்ட வேண்டியதில்லை. 2022 ஆகஸ்டில் மத்திய அரசு நாடு முழுவதற்கும் ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாட்டைத் தொடங்கியது. ரேகை பதிவாகும் ஒவ்வொரு குற்றவாளிக்கும் பத்து இலக்க எண் உண்டு. மதுரையில் பதிந்த ரேகையை டெல்லியில் ஒப்பிடலாம். கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று கம்ப்யூட்டர் பார்க்கும். ஒத்துப்போகிற சிலவற்றை எடுத்துக் கொடுக்கும். பயிற்சி பெற்ற நிபுணர்தான் பார்த்து முடிவு சொல்வார்.

அதே 2022இல் புதுச் சட்டமும் வந்தது. பதிவை 75 ஆண்டு வைத்திருக்கலாம் என்கிறது அது. முன்பு தண்டனை பெறாத ஒருவர் வழக்கில் விடுதலையானால், நீதிமன்றம் வேறுவிதமாக உத்தரவிடாதவரை, அவருடைய பதிவை அழித்துவிட வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.