கொடைக்கானலில் ஏமாந்தவர் மதுரையிலேயே புகார் கொடுக்கலாம்

சனிக்கிழமை விடிவதற்குள் வாடிப்பட்டி நான்குவழிச் சாலையில் கொடைக்கானல் வண்டிகள் வரிசை கட்டத் தொடங்கிவிடுகின்றன. கொடைரோட்டில் திரும்பி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு தாண்டினால் மலை. சுமார் நூறு கிலோமீட்டர்தான். பக்கத்தில் இருக்கிறது என்பதாலேயே யாரும் திட்டமிடுவதில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி பேசி முடிவெடுத்து, போனில் கண்ணில் பட்ட விடுதிக்கு முன்பணம் அனுப்பி, தெரிந்தவர் காரை வாடகைக்குப் பேசி, காலையில் கிளம்பிவிடுகிறார்கள்.

திங்கட்கிழமை அதே மூன்று குறைகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. முன்பணம் கட்டிய விடுதியே அங்கே இல்லை. இ-பாஸ் இல்லையென்று அடிவாரத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வண்டி மோதிவிட்டது, இன்சூரன்ஸ் கிடையாது என்கிறார்கள். கூடவே எல்லோரும் சொல்வது: "போனது போகட்டும், அதுக்காக மறுபடி மலையேறி யாரு அலையிறது?"

அலையவே வேண்டாம். 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டமானபோது கொடைக்கானல் மதுரையிலிருந்து பிரிந்து அதோடு போனது. ஆனால் உங்கள் புகார் அந்த மாவட்ட எல்லையோடு நின்றுபோகாது. பெரும்பாலான பரிகாரங்களை மதுரையிலிருந்தே பெறச் சட்டம் வழி வைத்திருக்கிறது. இதைச் சொல்ல வேண்டிய அலுவலகங்கள் சொல்வதில்லை. கேட்க வேண்டிய மக்களும் கேட்பதில்லை.

கிளம்பும் முன்

முதலில் இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரல் 29 அன்று போட்ட உத்தரவின்படி, மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை எண்ணிக்கை வரம்பும் வந்தது. கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள். சீசனுக்குச் சீசன் உத்தரவு மாறக்கூடும் என்பதால், போகிற வாரத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

இ-பாஸுக்குக் கட்டணம் கிடையாது. தமிழ்நாடு மின் ஆளுமை முகமையின் இணையதளத்தில் போன் எண், வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதி, எங்கே தங்குகிறீர்கள் என்று பதிந்தால் கியூஆர் குறியீட்டோடு பாஸ் வரும். 'பாஸ் எடுத்துத் தருகிறோம்' என்று பாஸுக்கே விலை சொல்கிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள். வண்டி எண்ணில் ஓர் எழுத்து தவறினாலும் சோதனைச் சாவடியில் நிற்க வேண்டிவரும். கடைசி நேரத்தில் வண்டியை மாற்றினால் பாஸையும் மாற்ற வேண்டும்.

அடுத்தது பிளாஸ்டிக். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர், குளிர்பான பாட்டில்களுக்கு, பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்று 2024இல் திண்டுக்கல் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் மாநிலம் முழுக்கவே 2019 ஜனவரி 1 முதல் தடை. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் எடுத்துப் போங்கள். சோதனையில் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது வண்டி. இங்கேதான் உயிரும் பணமும் சேர்ந்து போகின்றன. வெள்ளை போர்டு சொந்தக் காரை வாடகைக்கு எடுப்பது நம் பக்கம் சகஜமாகிவிட்டது. மஞ்சள் போர்டை விட ஆயிரம் ரூபாய் குறைவு என்பது ஒன்றே காரணம். சொந்தக் காருக்கான பாலிசி, வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் எழுப்பும் கேள்வி அதுதான். வாடகை இல்லாமல் சொந்தக்காரர் வண்டியில் போனாலும், அந்தக் காருக்குத் 'தேர்ட் பார்ட்டி' பாலிசி மட்டும் இருந்தால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு இழப்பீடு கிடைப்பது கடினம். முழுப் பாலிசியா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். வாடகை வேன் என்றால் பெர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ் மூன்றின் தேதியையும் எம்-பரிவாஹன் செயலியில் பார்க்கலாம். இரண்டு நிமிட வேலை. திரும்பவும் சொல்கிறேன்: வெள்ளை போர்டை வாடகைக்கு எடுக்காதீர்கள்.

ஏரியில் படகு ஏறும்போது உயிர்காப்பு அங்கி கேட்டு வாங்கி மாட்டுங்கள். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை நம் மாவட்டத்துக்காரர்கள் மறக்கக் கூடாது.

முன்பணம் அனுப்பும் முன்

மோசடி எப்போதும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. ஏரி தெரியும் காட்டேஜ் என்று அழகான படங்கள், சந்தைக்குப் பாதி வாடகை, 'இன்னும் ஒரு ரூம்தான் இருக்கு' என்ற அவசரம். பாதிப் பணம் அனுப்பியதும், 'உங்க பணம் ஏறல, திரும்ப அனுப்புங்க, முதல்ல வந்தது தானா ரிட்டர்ன் ஆகும்' என்பார்கள். இரண்டாவது முறை அனுப்பியதும் போன் அணைந்துவிடும். உண்மையான விடுதியின் பெயரையே வைத்துக்கொண்டு, வரைபடத்தில் போன் எண்ணை மட்டும் மாற்றிவிடுகிறவர்களும் உண்டு.

விடுதியின் எண்ணை இரண்டு இடங்களில் ஒப்பிட்டுப் பாருங்கள். பணம் போகும் கணக்கு விடுதியின் பெயரில் இருக்கிறதா, தனியாள் பெயரில் இருக்கிறதா என்று யுபிஐ திரையிலேயே தெரியும். ஜிஎஸ்டி எண் கேட்டு அரசுத் தளத்தில் தேடினால் நிறுவனத்தின் பெயர் வரும். அந்த எண் இல்லாத சிறு விடுதி, பில்லில் வரி சேர்க்கவே கூடாது. தேதி, எத்தனை அறை, மொத்த வாடகை, கட்டிய முன்பணம், ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் ஆகிய ஐந்தையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். எழுத்தில் இல்லாத வாக்குறுதியை நுகர்வோர் ஆணையத்தில் நிரூபிப்பது பெரும்பாடு.

பணம் போய்விட்டால்: முதல் மணி நேரம்

ஏமாந்தது தெரிந்த நொடியில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். வீட்டுக்காரரிடம் பேசிவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் சொன்னால்தான் வழியில் நிறுத்த முடியும். உங்கள் வங்கிக் கணக்கு எண், பணம் போன நேரம், தொகை, யுடிஆர் எண் (பரிவர்த்தனை எண்), வாங்கியவரின் யுபிஐ முகவரி, போன் எண் எல்லாம் கையில் இருக்கட்டும். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிந்து, ஒப்புகை எண்ணை எழுதி வையுங்கள். அரட்டையை அழிக்காதீர்கள், அந்த எண்ணை பிளாக் செய்யாதீர்கள்.

அதே நாளில் வங்கிக் கிளைக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். விவரத்துக்கு 14448. நீங்களே அனுமதித்து அனுப்பிய பணத்துக்கு வங்கி பொறுப்பேற்பது அரிது. அதனால்தான் 1930 முதலில்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. மோசடிக்காரர் கணக்கில் முடக்கப்பட்ட பணம் தானாகத் திரும்பி வந்துவிடும் என்று காத்திருக்கிறார்கள். அப்படி நினைத்து உட்கார்ந்திருக்காதீர்கள். புகாரை விசாரிக்கும் காவல் பிரிவில் எவ்வளவு முடக்கப்பட்டது என்று கேட்டு, அதை விடுவிக்க மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503ஆவது பிரிவின் கீழ் மனுப் போட வேண்டியிருக்கலாம்.

காவல் நிலையம் திருப்பி அனுப்பினால்

'கொடைக்கானல்ல நடந்தது, அங்க போய்க் கொடுங்க' என்ற பதிலைக் கேட்டு எத்தனை பேர் திரும்பியிருக்கிறார்கள்! 2024 ஜூலை 1 முதல் அந்தப் பதிலுக்குச் சட்டத்தில் இடமில்லை. அதே சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு, பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. வாடிப்பட்டி நிலையத்திலேயே கொடுக்கலாம், பிறகு உரிய நிலையத்துக்கு மாற்றுவது அவர்கள் வேலை. மனுவில் '173ஆவது பிரிவின்படி' என்று எழுதிக் கொடுங்கள். சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். முதல் தகவல் அறிக்கை போட்டால் அதன் நகல் உங்களுக்கு இலவசம்.

பதிய மறுத்தால், அதே பிரிவின் நான்காம் உட்பிரிவின்படி புகாரை மதுரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வாயால் சொல்லிவிட்டு வந்த புகார் எந்த ஏட்டிலும் இருக்காது.

விடுதி உண்மை, சேவை மோசம் என்றால்

பதிவு செய்த அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவது, பேசியதைவிடக் கூடுதல் வாடகை கேட்பது, வெந்நீர் உண்டென்று சொல்லிப் பச்சைத் தண்ணீர் கொடுப்பது, பில் தர மறுப்பது ஆகியவற்றுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இருக்கிறது. பில் தராதது மட்டுமே அந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம். அங்கே நின்று சண்டை போட்டுக் குழந்தைகளின் பயணத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். படம் எடுங்கள், பில் வாங்குங்கள், குறையை அவர்கள் எண்ணுக்கு அப்போதே செய்தியாக அனுப்புங்கள்.

ஊருக்கு வந்ததும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள், தமிழிலும் பேசலாம். அவர்கள் சமரசம் பேசுவார்களே தவிர தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். அதோடு நின்றுவிடாமல் விடுதிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: இன்ன தேதி, இவ்வளவு கட்டினேன், இன்ன குறை, 15 நாளில் இவ்வளவு திருப்பித் தரவும். பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டதால், விரைவுத் தபாலில் அனுப்பிக் கொடுக்கப்பட்டதற்கான சான்றை வாங்கி வையுங்கள்.

பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவின்படி, புகார்தாரர் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ வழக்குப் போடலாம். வாடிப்பட்டிக்காரருக்கு அது மதுரை ஆணையம். திண்டுக்கல்லுக்குப் போகச் சொன்னால் இந்தப் பிரிவைக் காட்டுங்கள். ஆதார் அல்லது ரேஷன் கார்டு முகவரிச் சான்றாகப் போதும்.

மனுவில் இருக்க வேண்டியவை: உங்கள் பெயர், முகவரி, விடுதியின் பெயர், முகவரி, தேதிவாரியாக நடந்தது, கட்டிய தொகை, குறை, கேட்கும் பரிகாரம் (பணம் திரும்ப, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு), ஆவணப் பட்டியல், உறுதிமொழிப் பத்திரம். வாட்ஸ்அப் அரட்டையின் அச்சுப்பிரதியோடு பாரதிய சாட்சிய அதினியம் 63(4)ஆவது பிரிவின்படி சான்று இணைப்பது நல்லது. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் ஆணையத்தில் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வக்கீல் வேண்டுமென்றால் மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசம். உதவி எண் 15100.

கெடு இரண்டு வருடம். ஆற அமரப் பார்க்கலாம் என்று இருந்து கெடுவைத் தவறவிட்டவர்கள் ஏராளம்.

விபத்து நடந்தால்

108ஐ அழையுங்கள். 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சைக்கு, திட்ட வரம்புக்குள், பணம் கட்ட வேண்டியதில்லை. அந்த மருத்துவமனை முன்பணம் கேட்டால் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை, வண்டியின் பாலிசி நகல், காயச் சான்று, மருத்துவ பில்கள் நான்கையும் சேர்த்து வையுங்கள். 'நமக்குள்ள பேசி முடிச்சிக்கலாம்' என்று வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இழப்பீட்டு மனுவை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும். அதையும் நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே, அதாவது மதுரை மாவட்டத்திலேயே போடலாம். சட்டம் சொல்லும் கெடு ஆறு மாதம். காரணம் சொல்லித் தாமதத்தைப் பொறுக்கச் சொல்லலாம் என்று நம்பி உட்காராதீர்கள், ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். மோதிய வண்டி நிற்காமல் ஓடிப்போய் அடையாளம் தெரியாவிட்டாலும் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் மத்திய அரசுத் திட்டத்தில் உண்டு.

காவல் நிலையம், நுகர்வோர் ஆணையம், விபத்துத் தீர்ப்பாயம், 1930 என்ற இந்த நான்கு வாசல்களில் முதல் மூன்றும் மதுரை மாவட்டத்திலேயே இருக்கின்றன, கடைசி ஒன்று உங்கள் போனில். புகார் வராத விடுதி அடுத்த சனிக்கிழமையும் இன்னொரு குடும்பத்தை அதே மாதிரி ஏமாற்றும். ஊர் திரும்பிய மறுநாளே கடிதத்தை எழுதித் தபாலில் சேருங்கள்.