ஆகாயத்திலிருந்து ஒரு கிரிவலம்

அடி அண்ணாமலையில் நின்று பார்க்கிறவருக்கு மலையின் ஒரு முகமே தெரியும். மற்றவற்றைக் காண 14 கிலோமீட்டர் நடந்தாக வேண்டும். சுமார் 800 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் நமது ரிசோர்ஸ்சாட் துணைக்கோளுக்கோ அந்தச் சிரமமில்லை. பக்கத்துக் கவுத்தி மலையில் இரும்புத் தாது வெட்டும் யோசனை எழுந்து, கிராமத்தார் அதை எதிர்த்த நாள் முதல் எனக்கு இந்த ஆகாயக் கண்ணின்மேல் ஓர் ஈடுபாடு.

பச்சிலையானது நம் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பியனுப்புகிறது. வெட்டுண்ட மண் அவ்வளவு அனுப்புவதில்லை. ஆகவே படத்தில் காடு செக்கச்செவேலென்று தோன்றும்! (இதை நம்ப என் மாணாக்கர்கள் லேசில் இசையவில்லை.)

ராஞ்சியிலுள்ள மத்திய சுரங்கத் திட்ட நிறுவனம் 2008 முதல் கோல் இந்தியாவின் திறந்தவெளிச் சுரங்கங்களை இவ்விதம் கவனித்து வருகிறது. நிலக்கரியும் மேல்மண்ணுமாக ஆண்டுக்கு 50 லட்சம் கன மீட்டருக்கு மேல் தோண்டும் சுரங்கங்களுக்கு வருஷந்தோறும் பரீட்சை. சிறியவற்றுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை. தோண்டியது எவ்வளவு, மூடியது எவ்வளவு, மரம் நட்டது எவ்வளவு என்ற கணக்கு அதில் வெளியாகிவிடும். 2016-இல் சுரங்க அமைச்சகம் ஏற்படுத்திய கண்காணிப்பு முறையோ, குத்தகை எல்லைக்கு வெளியே 500 மீட்டர் வரை திருட்டுச் சுரங்கத்தைத் தேடுகிறது.

ஆயினும், படத்தில் சிவந்திருப்பது பழைய காடா, புதிதாய் நட்ட தைலமரத் தோப்பா என்பது எளிதில் விளங்குவதில்லை. அதற்கு யாரேனும் ஒருவர் நடந்துபோய்த்தான் பார்த்துவர வேண்டியிருக்கிறது.