மிரட்டுதல்

மிரட்டு என்பது மிரள் என்னும் தன்வினையின் பிறவினை ஆகும் (உருள், உருட்டு என்பது போல). வெடிச் சத்தத்தில் மாடு மிரளும். ஆள் மாட்டை மிரட்டுவான். ஆங்கிலத்தில் திரெட்டன் எனப்படும் வினைக்கு இதையும் அச்சுறுத்து என்பதையும் வழங்குவர். எனினும் இவ்விரண்டும் எல்லா இடத்திலும் ஒன்றுக்கொன்று ஈடாகா. மிரட்டுபவருக்கு ஓர் எண்ணம் உண்டு. பெசன்ட் நகர்க் கடற்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளுக்கு மீன்வலைகள் அச்சுறுத்தல் ஆகும். வலை ஆமையை மிரட்டுகிறது என்று எவரும் கூறார். நாளிதழ்களின் "மிரட்டும் மழை" உருவக வழக்கு மட்டுமே.

மயிலாப்பூரில் கோயில் கொண்டுள்ள திருவள்ளுவர், ஆள்வோர் குடிகளை அஞ்சச் செய்வதைக் கண்டிக்க ஓர் அதிகாரமே (57, வெருவந்த செய்யாமை) வகுத்துள்ளார்.

சட்டத்தில் இது குற்றமுறு மிரட்டல் எனப்படும். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 503ஆம் பிரிவில் இருந்த இதன் வரையறை, சூலை 1, 2024 முதல் பாரதிய நியாய சன்கிதாவின் 351ஆம் பிரிவில் உள்ளது. ஒருவரின் உடல், நற்பெயர் அல்லது உடைமைக்குத் தீங்கு செய்வதாகக் கூறுதலும், அதனால் அவரைக் கலங்கச் செய்யும் அல்லது பணியவைக்கும் நோக்கமும் சேர்ந்தாலே குற்றமாகும். கூறப்படும் தீங்கு சட்டத்துக்குப் புறம்பானதாகவும் இருத்தல் வேண்டும். எனவே, தியாகராய நகர்க் கடைக்காரரிடம் "நுகர்வோர் நீதிமன்றம் செல்வேன்" என்பவர் பொதுவாக இப்பிரிவில் அடங்கார். பணம் கேட்டு "கடையைக் கொளுத்துவேன்" என்பவர் அடங்குவார்.