சிறு தோட்டத்தில் முப்பது குரல்கள்

ஊரையும் உத்தியோகத்தையும் சில நாள் மறந்து, மலைச்சாரலிலோ காட்டோரத்திலோ தங்கி, மனத்தைத் தேற்றிக்கொண்டு வந்தோம் என்று சொல்லும் அன்பர்கள் இப்போது பெருகி வருகின்றனர். அதிகாலையில் மரங்களினூடே நடப்பதும், பகலில் வாய்பேசாதிருப்பதும், மாலையில் வட்டமாக அமர்ந்து ஒருவர் நெஞ்சிலுள்ளதை மற்றவர் கேட்பதும் அங்கே நடைமுறையாம். அவ்வாறு போய்வந்த ஆசிரிய நண்பர் ஒருவர், "யாழ்ப்பாணத்தில் இதற்கெல்லாம் எங்கே இடமிருக்கிறது? மலையா, ஆறா, அருவியா?" என்று என்னைக் கேட்டார். மலையும் ஆறும் நம்மிடம் இல்லை என்பது மெய்தான். ஆயினும் அவர் சொன்ன இயற்கையும் தனிமையும் கூட்டமும் ஒரே இரவில் ஒன்றுகூடிய இடமொன்று வலிகாமத்தில் உண்டு. நான் வாழும் பண்டத்தரிப்பே அது.

பண்டத்தரிப்பு பெரிய ஊரன்று. பனங்கூடலும் வயலும் தோட்டவெளியுமாகக் கிடக்கும் நிலம்; ஒரு சந்தி; பாடசாலைகள், கோயில்கள், தேவாலயங்கள். போர்த்துக்கேயர் காலந்தொட்டே இங்கே தேவாலயம் இருந்தது. ஒல்லாந்தப் பாதிரியார் பல்தேயஸ் 1672இல் வெளியிட்ட நூலில் அதன் படத்தையும் காணலாம். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார், தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் கால்கொண்டபின், 1820இல் இவ்வூரிலும் ஒரு நிலையத்தை அமைத்தனர். அதன் பொறுப்பை ஏற்றவர் ஜோன் ஸ்கடர் என்னும் வைத்தியர். அமெரிக்கா பிறநாட்டுக்கு அனுப்பிய முதல் மருத்துவ மிஷனரி என்று அவரைக் கூறுவர். நோயாளருக்கு மருந்து கொடுத்ததோடு, பிள்ளைகளைத் தங்கவைத்துக் கற்பிக்கும் விடுதிப் பாடசாலை ஒன்றையும் அவர் நடத்தினார்.

1824ஆம் ஆண்டு ஜனவரியில் தெல்லிப்பழை மிஷன் பாடசாலையில் ஒரு சமய எழுச்சி தோன்றி, அயலிலுள்ள மற்ற நிலையங்களுக்கும் பரவலாயிற்று. பெப்ரவரி 12ஆந் திகதி, வியாழக்கிழமை இரவு, பண்டத்தரிப்பில் நிகழ்ந்ததே நான் சொல்ல வந்த செய்தி. ஸ்கடர் அன்று வெளியே போயிருந்தார். பிள்ளைகள் தம் அறைக்குச் சென்று படுக்க ஆயத்தமாயினர். அப்போது சபையிற் சேர்ந்திருந்த உள்ளூரவர் ஒருவர் அவர்களிடம் பேசத் தொடங்கினார். வெல்ப்ளி என்பது அவர் பெயர். (அமெரிக்காவிலிருந்து பொருளுதவி செய்தோரின் பெயரை இங்குள்ள பிள்ளைகளுக்கு இடும் வழக்கம் அந்நாளில் இருந்தது.) வரப்போகும் தெய்வ கோபத்துக்குத் தப்பிக்கொள்ளுங்கள் என்பதே அவருடைய பேச்சின் சாரம். அதன்பின் எவருக்கும் உறக்கம் பிடிக்கவில்லை. இருவரும் மூவருமாக எழுந்து வெளியே தோட்டத்துக்குப் போயினர். சற்று நேரத்தில் தோட்டத்தின் மூலைக்கு மூலை மன்றாட்டுக் குரல் கேட்டது. முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஒரு சிறு தோட்டத்துக்குள் அழுதுகொண்டும் வேண்டிக்கொண்டும் நின்றனர். ஆயினும் ஒவ்வொருவரும் அங்கே தாம் மட்டுமே இருப்பதுபோல வேண்டினர் என்று மிஷன் குறிப்புக் கூறுகிறது. திரும்பி வந்த ஸ்கடர் சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, மணியை அடித்து அவர்களை உள்ளே அழைத்தார்.

பின்னோக்கிக் கணித்துப் பார்த்தால், அது பூரணைக்கு இரண்டொரு நாள் முந்திய இரவு. மாசிப் பனி மூசிப் பெய்யும் காலம். நிலவும் பனியும் நிறைந்த அந்தத் தோட்டத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

இதனை ஆன்ம வளர்ச்சி என்று உடனே மெச்சிவிட எனக்கு மனம் வரவில்லை. உண்ணும் சோற்றுக்கும் உடுக்கும் துணிக்கும், சிலர் தம் பெயருக்குங்கூட, அந்த நிலையத்தையே நம்பியிருந்த சிறுவர்கள் அவர்கள். அவர்களை எழுப்பியது அச்சம். தவிரவும், விடுதியில் ஒரு பிள்ளை வீட்டை நினைத்து இரவில் விசும்பத் தொடங்கினால், அடுத்த கட்டிலும் அதற்கடுத்த கட்டிலும் விசும்பும் என்பது விடுதிப் பொறுப்பேற்ற ஆசிரியர் எவருக்கும் தெரியும். கூட்டத்தின் கண்ணீரை ஒருவனுடைய சொந்தக் கண்ணீர் என்று கணக்கெழுதுவது நேர்மையாகாது. நமக்கு வந்து சேர்ந்த விவரமும் மிஷனரிமாரின் பேனாவிலிருந்து வந்ததேயொழியப் பிள்ளைகளின் வாய்மொழி அன்று.

எனினும் ஒன்று என்னை விடாது பற்றியிருக்கிறது. அச்சுறுத்திய சொல் பிறந்தது அறைக்குள்ளே. அதைச் சுமந்துகொண்டு பிள்ளைகள் வெளியே போனார்கள். போங்கள் என்று ஒருவரும் ஏவியதாகக் குறிப்பில்லை. முப்பது பேர் படுக்கும் அறையில் ஒருவனுக்குத் தனிமை கிடையாது. ஊரை விட்டு ஓடிப்போனாலோ, அவனுடைய குரலைக் கேட்க ஆளில்லை. தோட்டத்தில் இரண்டும் வாய்த்தன. மரத்துக்கு மரம் மறைவு. ஆனால் ஒருவன் அழுதால் மற்றவன் செவியில் படும் தூரம். நம் வீடுகளிலும் இதுவே நடந்துவந்திருக்கிறது. துக்கம் முட்டினால் நம் தாய்மார் கிணற்றடிக்கும் கோடிப்புறத்துக்கும் போவார்கள். தகப்பன்மார் வயல் வரம்பில் போய் நிற்பார்கள். வேலிக்கு அப்பால் ஆளரவம் இருந்துகொண்டே இருக்கும்.

தனிமையை நாடியோர் எல்லாரும் இந்தத் தூரத்தை ஏதோ ஒருவகையில் அளந்தே வைத்திருக்கின்றனர் என்பது என் துணிபு. அமெரிக்க அறிஞர் தோரோ 1845இல் வால்டன் குளக்கரையில் குடில் கட்டி இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்தார். அந்தக் குடிலிலிருந்து அவர் தம் ஊருக்கு அடிக்கடி நடந்து போய்வந்தார் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். பண்டத்தரிப்புக்கு வடக்கே மாதகல் கரையில் சம்பில்துறை இருக்கிறது. மகாவம்சம் கூறும் சம்புகோளப் பட்டினம் அதுவென்பர். அந்தத் துறைவழி வந்த பௌத்தத் துறவியரின் ஒழுக்கத்தில் மாரிகால மூன்று மாதமும் ஓரிடத்திலே தங்கியிருத்தல் ஒரு விதி. அதன் முடிவில் பவாரணை என்றொரு சடங்கு உண்டு. ஒவ்வொரு துறவியும் சங்கத்தின் முன் அமர்ந்து, என்னிடத்தில் நீங்கள் கண்ட, கேட்ட, ஐயுற்ற குற்றம் எதுவாயினும் எடுத்துச் சொல்லுங்கள் என்று கேட்கிறார். மூன்று மாதத் தியானத்தைவிட இந்த ஒரு கேள்விக்கு மிகுந்த துணிவு வேண்டும் என்று நான் எண்ணுவதுண்டு.

சைவத் தமிழர்க்கும் கூடியிருந்து கேட்கும் மரபு புதிதன்று. கோயில் மண்டபத்தில் ஒருவர் கந்தபுராணம் வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, ஊரார் சுற்றியிருந்து கேட்டனர். ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31ஆந் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தொடங்கிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கம், மிஷனின் பிரசங்க முறையையே நம்மவர் எடுத்து ஆண்டதாகும். இவற்றிலெல்லாம் பேசுவோர் ஒருவர், கேட்போர் பலர்.

அந்த ஒழுங்கை மாற்றியவர் கொழும்புத்துறையில் இருந்தார். 1872இல் பிறந்த யோகர் சுவாமிகள் இளமையில் இரணைமடுக் குளத்து வேலைத்தலத்தில் பண்டகசாலைப் பொறுப்பாளராக இருந்தவர். பின்னர் நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமிகளிடம் ஆட்பட்டு, கொழும்புத்துறைச் சந்தியில் ஓர் இலுப்பை மரத்தடியில் நெடுங்காலம் கிடந்தார். அதன்பின் குடியேறிய குடிசையில், 1964இல் மறையும் வரை, மாலைதோறும் அடியார் கூடினர். அங்கே நிகழ்ச்சி நிரல் இல்லை. சிலநாள் பாட்டு, சிலநாள் ஏச்சு, சிலநாள் எவரும் பேசாத மௌனம். ஆசிரியரும் நியாயவாதியும் கமக்காரரும் ஒரே நிலத்தில் அமர்ந்து, ஒன்றுஞ் சொல்லாமல் எழுந்து போவர். 1953இல் வண்ணார்பண்ணையில் திறக்கப்பட்ட சிவதொண்டன் நிலையத்தில், கீழே நூல் படிக்கும் இடமும் மேலே மௌனமாக இருக்கும் தியான மண்டபமும் அமைந்தன. பலர் கூடித் தனித்திருக்க ஒரு கூரை.

இவ்வளவையும் நான் எழுதுவதற்குக் காரணம், எங்கள் ஊரிலேயே நாங்கள் சிலர் வைத்திருக்கும் ஒரு சிறு வழக்கம். அதற்குப் பெயரில்லை, சந்தாவும் இல்லை. பூரணை விடுமுறை நாளில், மாலை நான்கு மணியளவில், நண்பர் ஒருவரின் வளவில் கூடுகிறோம். பனையும் வேம்பும் பழங்கிணறுமாக, பாதி பண்படுத்தாத பெருவளவு. ஆசிரியர்கள், இளைப்பாறியோர், கமஞ் செய்வோர் இருவர், உயர்தர வகுப்பு மாணவர் சிலர். கைத்தொலைபேசிகளை வாசலிலுள்ள கடகத்துக்குள் போட்டுவிட வேண்டும். முதல் ஒரு மணி நேரம் அவரவர் விரும்பிய மரத்தடியில் தனியே இருக்கலாம், நடக்கலாம், வேலியைப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். ஆனால் கூப்பிடு தூரத்தைத் தாண்டலாகாது. அந்த விதியை 1824இன் தோட்டத்திலிருந்தே எடுத்தோம். பின்பு பாய் விரித்து வட்டமாக அமர்வோம். பேச விரும்புவோர் பேசலாம். பேசியவருக்கு எவரும் பதிலோ புத்தியோ சொல்லலாகாது. மாணவருக்கு இந்த விதி எளிதாக இருக்கிறது. முப்பது ஆண்டு வகுப்பறையில் நின்ற எங்களுக்கோ, பிறர் பேச்சு முடியுமுன் திருத்தம் நாவில் வந்து நின்றுவிடுகிறது. பவாரணையின் துணிவு எங்களுக்கு இன்னும் வரவில்லை. அதுவரை வாய் மூடியிருத்தலே பாதுகாப்பு.

பெரும்பாலான நாட்களில் பெரிதாக ஒன்றும் நிகழ்வதில்லை. தான் வைத்தியராக விரும்பவில்லை என்று ஒரு மாணவி சொன்னாள். வெங்காய விலையைப் பற்றி ஒருவர் வெகுநேரம் பேசினார்; அதுவும் நெஞ்சிலிருந்துதான் வந்தது.

ஒரு பூரணை நாளில், நாங்கள் மாஸ்ரர் என்று அழைக்கும் ஒருவர் வாய் திறந்தார். அவருடைய அனுமதியுடனேயே இதை எழுதுகிறேன். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி, வலிகாமத்து மக்கள் எல்லாம் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்த இரவு, அவரும் அந்த நெரிசலில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் நகர்ந்துகொண்டிருந்தார். அப்போது அவர் இளம் ஆசிரியர். பக்கத்தில் வந்த முன்பின் அறியாத முதியவள் ஒருத்தி, "தம்பி, இதை ஒருக்காப் பிடி ராசா" என்று ஒரு துணிப் பொதியை அவர் கையில் கொடுத்தாள். சற்று நேரத்தில் சனத்திரள் இருவரையும் பிரித்துவிட்டது. விடியும்வரை தேடினார். பின்னர் சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் அகதிகள் தங்கிய பாடசாலைதோறும் போய் விசாரித்தார். 1996இல் ஊர் திரும்பியபோதும் அந்தப் பொதியுடனேயே திரும்பினார். வீட்டிலுள்ளோர் அவிழ்த்துப் பார்க்கச் சொன்னார்கள். பிறருடைய பொருள் என்று மறுத்து, பெட்டகத்தின் அடியில் வைத்துவிட்டார். இத்தனை ஆண்டும் அது அங்கேயே இருந்தது.

அவர் சொல்லி முடித்தபின் எங்களில் ஒருவர் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்து, விதியை நினைத்து அடக்கிக்கொண்டார். நெடுநேரம் எவரும் பேசவில்லை. அக்கணத்தில் யாராவது நல்லதொரு புத்தி சொல்லியிருந்தால், மாஸ்ரர் தலையசைத்து நன்றி கூறிவிட்டு, பொதியை மறுபடி பெட்டகத்தின் அடியிலேயே விட்டிருப்பார் என்று நான் நம்புகிறேன். பதில் கிடையாத சொல்லைத் தாமே சுமந்துகொண்டு அவர் வீட்டுக்குப் போனார்.

மூன்றாவது பூரணையில், "அவிழ்த்துப் பார்த்தேன்" என்று மட்டும் சொன்னார். உள்ளே என்ன இருந்தது என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முன்பெல்லாம் தனித்திருக்கும் வேளையில் வாசற்பக்கத்திலேயே நின்று, நேரம் எப்போது முடியும் என்று பார்த்திருந்தவர், இப்போது வளவின் கடைசி மூலையிலுள்ள வேம்படிக்குப் போகிறார்.

எங்களிடம் மணி கிடையாது. வெளிச்சம் மங்கும்போது ஒவ்வொருவராக எழுந்து பாயடிக்கு வருகிறார்கள். பனங்கட்டியும் தேநீரும் அங்கே இருக்கும். மாஸ்ரர் பெரும்பாலும் கடைசியாகத்தான் வருவார். அவருடைய தேநீரை ஆறாமல் மூடி வைத்திருப்போம்.