இடுப்புவலியும் எடையும்: ஒன்றை விட்டு ஒன்று தீராது

காஞ்சிபுரம் மாவட்டத்தின் காவாந்தண்டலம், மாகறல் பக்கமிருந்து இடுப்புவலி என்று சிகிச்சைக்கு வருகிறவர்களில் பலர், வலி தொடங்கி இரண்டு மூன்று வருஷம் கழித்தே வருகிறார்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள், ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வரும் பிள்ளைகள், காஞ்சிபுரத்தில் தறியில் உட்காருகிறவர்கள் என எல்லாரிடமும் ஒரே கதைதான். மெடிக்கலில் வாங்கிய மாத்திரை, தைலம், பெல்ட் எல்லாம் முடித்துவிட்டு வருகிறார்கள். அதற்குள் எடையும் ஏறியிருக்கிறது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு அதிக எடை. இதில் கிராமமும் உண்டு.

செட் மாத்திரை என்னும் வினை

மருத்துவர் சீட்டில்லாமல் மெடிக்கலில் பல மாத்திரைகளைச் சேர்த்துத் தரும் ‘செட்’டில் பலசமயம் ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிடும். பிறகு பசி கூடும், வயிற்றில் கொழுப்பு சேரும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். இடுப்புவலிக்கென்று விழுங்கியதே இடுப்பின் சுமையைக் கூட்டுகிறது! வெறும் வயிற்றில் டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நிற்பவருக்குச் சிறுநீரகம் கெடலாம். எத்தனை முறை சொன்னாலும் அடுத்த வாரம் அதே மாத்திரையோடு வந்து நிற்கிறார்கள். பெயர் தெரியாத மாத்திரையை எப்படி விழுங்குகிறீர்கள்?

மிதித்தால் போகுமா?

கால்வழி பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விடும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. ஸ்டீராய்டால் மெலிந்த எலும்பை மிதித்தால் முறியலாம். தயவுசெய்து வேண்டாம்.

‘படுத்தே கிடந்தால் சரியாகும்’ என்பதும் தவறு. படுக்கப் படுக்கத் தசை இளைக்கும், எடை ஏறும். நாள்பட்ட வலிக்கு இடுப்பு பெல்ட்டையும் இழுவைச் சிகிச்சையையும் உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை.

‘நாளெல்லாம் வயலில் குனிகிறேன், எனக்கெதற்கு உடற்பயிற்சி?’ என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மணிக்கணக்காக ஒரே நிலையில் குனிந்திருந்தால் முதுகு களைக்குமே தவிர, அதைத் தாங்கும் வயிற்றுத் தசையும் புட்டத் தசையும் பலப்படாது.

கொள்ளுத்தண்ணீர் குடித்தால் எடை குறையும் என்றும் நம்புகிறார்கள். கொள்ளு நல்ல புரதம், சுண்டலாகச் சாப்பிடுங்கள். கொள்ளுத்தண்ணீர் குடித்துவிட்டு மூன்று வேளையும் சோற்றைக் குவித்தால் எடை குறையாது.

இரண்டும் கைகோக்க வேண்டும்

ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வில், பருமனான இடுப்புவலிக்காரர்களுக்குத் தொலைபேசி வழியாக எடைகுறைப்பு ஆலோசனை தந்தார்கள், வலி குறையவில்லை. 2025இல் வெளியான இன்னோர் ஆய்வில் வலிச் சிகிச்சை, உடலியக்கம், உணவு, தூக்கம் எல்லாவற்றையும் சேர்த்துக் கவனித்தார்கள். எடை சராசரியாக 2 கிலோகூடக் குறையவில்லை, ஆனால் அன்றாட வேலைகளில் இருந்த தடை குறைந்தது. எடை முள் இறங்கவில்லையே என்று பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கி இறக்குங்கள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். நடையைப் பத்து நிமிடத்தில் தொடங்கி வாரவாரம் கூட்டுங்கள். முதலில் லேசாக வலிக்கும், பயப்பட வேண்டாம். சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் கீரையும் முட்டையும் வையுங்கள். நாளுக்கு ஐந்து டீ என்றால் ஐந்து முறை சர்க்கரை. 70 கிலோ இருப்பவருக்கு முதல் இலக்கு மூன்றரை கிலோ போதும்.

உடனே வர வேண்டியவர்கள்

சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, கால் பலமிழப்பது என்றால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். மாலைக் காய்ச்சலோடு தானாக எடை குறைந்தால் மகிழாதீர்கள், அது முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். ஸ்கேன் தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். நடவு முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று தள்ளாதீர்கள். வரும்போது மாத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். வீட்டில் உலை வைப்பவர் மாமியாரோ மருமகளோ, அவரையும் அழைத்து வாருங்கள். அரிசியின் அளவை அவரிடமும் பேச வேண்டும்.